உங்க ஏஐ லாகினைப் பசங்க கையில கொடுக்கறதுக்கு முன்னாடி

நேரா ஒரு கேள்விக்கு வர்றேன். உங்க போன்ல இருக்கற சாட்ஜிபிடியை வீட்ல எத்தனை பேர் யூஸ் பண்றாங்க?

நிறைய வீட்ல நிலைமை இதுதான். காலையில மேனேஜருக்கு அனுப்ப வேண்டிய மெயிலை நீங்க அதுல திருத்தறீங்க. சாயங்காலம் ஏழாவது படிக்கற பொண்ணு அதே போன்ல, அதே லாகின்ல, சயின்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு கேள்வி கேக்குது. உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னா அந்த இடத்துல தம்பியோ அக்கா பையனோ இருப்பாங்க. பசங்க ஏஐ யூஸ் பண்ணலாமா கூடாதான்னு பட்டிமன்றம் போடற நேரம் முடிஞ்சு போச்சு. ஒரு சிஏவா எனக்கு வர்ற கேள்விகள் வேற: அது யாரோட அக்கவுன்ட்? உள்ள என்னென்ன கிடக்கு? எந்த கார்டு அதோட இணைஞ்சிருக்கு?

உள்ள என்ன கிடக்குன்னு முதல்ல பாருங்க. ஜூலை மாசம் ஐடிஆர் போடற நேரத்துல பழைய ரெஜிமா புது ரெஜிமான்னு தெரிஞ்சுக்க ஃபார்ம் 16-ஐ அப்படியே அப்லோட் பண்ணியிருப்பீங்க. அதுல உங்க பான் நம்பர், சம்பளம், வீட்டு முகவரி, கம்பெனி பேர் எல்லாம் இருக்கு. சில பேர் பேங்க் ஸ்டேட்மென்ட்டையே போட்டுடறாங்க. நீங்க டெலீட் பண்ணாத வரைக்கும் அது பழைய சாட் லிஸ்ட்ல உக்காந்திருக்கும். அப்பா சம்பளம் பிள்ளைக்குத் தெரியறதுல தப்பு ஒண்ணும் இல்லை. அது ஸ்கிரீன்ஷாட்டா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனாதான் வம்பு.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. உங்க லாகின்ல பிள்ளை பேசும்போது, எதிர்ல இருக்கறது ஒரு பெரியவர்னுதான் அந்த டூல் நினைச்சுக்கும். 18 வயசுக்குக் கீழே இருக்கறவங்களுக்காக வச்சிருக்கற பாதுகாப்பு செட்டிங் எதுவும் முழுசா வேலை செய்யாது. அதனால தனி அக்கவுன்ட், உண்மையான பிறந்த தேதியோட. சாட்ஜிபிடிக்கு குறைந்தபட்ச வயசு 13. 13-லேர்ந்து 18 வரைக்கும் பெற்றோர் சம்மதம் வேணும்னு அவங்க விதிமுறையிலேயே இருக்கு. 2025 செப்டம்பர்ல பெற்றோர் கட்டுப்பாடு வசதியும் கொண்டு வந்தாங்க. உங்க அக்கவுன்ட்டோட பிள்ளையோட அக்கவுன்ட்டை இணைச்சுட்டா, ராத்திரி எத்தனை மணிக்கு மேல யூஸ் பண்ணக்கூடாதுன்னு வைக்கலாம், வாய்ஸையும் படம் உருவாக்கறதையும் நிறுத்தலாம், பேசறதை மாடல் டிரெய்னிங்குக்கு எடுக்காம தடுக்கலாம். பிள்ளை என்ன பேசினாங்கன்னு நீங்க படிக்க முடியாது. அது சரின்னுதான் எனக்குத் தோணுது. நம்ம டைரியை நம்ம அம்மா படிச்சப்போ நமக்கு எப்படி இருந்துச்சு? ஜெமினின்னா கூகுள் ஃபேமிலி லிங்க் வழியா கன்ட்ரோல் பண்ணலாம்.

எட்டு, பத்து வயசுப் பசங்களுக்கு? பக்கத்துல உக்காந்து நீங்களே டைப் பண்ணுங்க. டெம்பரரி சாட்ல பண்ணுங்க, ஹிஸ்டரியில நிக்காது.

எதை டைப் பண்ணக் கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்ல நீளமா லிஸ்ட் போட்டா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. நான் சொல்ற ரூல் ஒண்ணுதான்: பேங்க் கேஒய்சி ஃபார்ம்ல கேக்கற எதையும் ஏஐ-கிட்ட சொல்லக் கூடாது. முழுப் பேர், பிறந்த தேதி, முகவரி, ஆதார், போட்டோ, போன் நம்பர். அதோட ஸ்கூல் பேரையும் சேர்த்துக்கோங்க. ஜெமினியோட தனியுரிமைக் குறிப்பிலேயே, சில உரையாடல்களை மனுஷங்க பாத்து பரிசோதிப்பாங்க, அதனால ரகசியமான தகவலைப் போடாதீங்கன்னு எழுதியிருக்கு. நம்ம ஊர்ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்துச்சு. 18 வயசு நிறையாதவங்க எல்லாரும் அதுல குழந்தைதான். பெற்றோரோட சரிபார்க்கப்பட்ட சம்மதம் இல்லாம அவங்க தகவலை எடுக்கக் கூடாது. ஆனா விதிகள் வந்தது 2025 நவம்பர்ல, முக்கியமான பகுதிகள் அமலுக்கு வர 18 மாசம் அவகாசம் கொடுத்திருக்காங்க. சட்டம் பாத்துக்கும்னு நாம உக்காந்திருக்க முடியாது.

அடுத்தது பணத்தைவிடப் பெரிய விஷயம். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல, கலிபோர்னியாவுல, தற்கொலை செஞ்சுகிட்ட 16 வயசுப் பையனோட பெற்றோர் ஓபன்ஏஐ மேல வழக்குப் போட்டாங்க. ஹோம்வொர்க்குக்காக ஆரம்பிச்ச பேச்சு, மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டற இடமா மாறிடுச்சுங்கறது அவங்க குற்றச்சாட்டு. அதுக்கு முந்தின வருஷம் ஃப்ளோரிடாவுல ஒரு 14 வயசுப் பையனோட அம்மா கேரக்டர்.ஏஐ மேல வழக்குப் போட்டாங்க. அந்தக் கம்பெனி 2025 நவம்பர்ல, 18 வயசுக்குக் கீழே இருக்கறவங்க பாட்கள்கூட இஷ்டத்துக்கு சாட் பண்றதையே நிறுத்திடுச்சு. பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. இந்த டூல்கள் எப்பவும் நாம சொல்றதுக்குத் தலையாட்டும், சலிக்காது, ராத்திரி ரெண்டு மணிக்கும் பதில் சொல்லும். நாம ஆபீஸ் முடிஞ்சு வந்து "அப்புறம் பேசலாம்டா"ன்னு சொல்ற நேரத்துலதான் அது ஃப்ரெண்டாகுது. பாடத்துக்கு யூஸ் பண்ணினா ஹால்ல உக்காந்து பண்ணட்டும். ராத்திரி போன் ரூம்ல வேண்டாம். "அதுகிட்ட இன்னைக்கு என்ன கேட்ட?"ன்னு சாப்பிடும்போது சாதாரணமா கேளுங்க, விசாரணை மாதிரி வேண்டாம். சோகமா, பயமா இருந்தா அதுகிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட சொல்லலாம், திட்ட மாட்டோம்னு வாய் விட்டுச் சொல்லுங்க.

பாட விஷயத்துல ஒண்ணே ஒண்ணு புரிய வச்சாப் போதும்: அது தப்பையும் அடிச்சுச் சொல்லும். என்கிட்ட வர்ற கிளையன்ட்ஸ்ல சில பேர் ஏஐ கொடுத்த டாக்ஸ் கணக்கோட வருவாங்க. புது ரெஜிம்ல 87ஏ ரிபேட் 7 லட்சம் வரைக்கும்தான்னு அதுல இருக்கும். அது 2024-25 வரைக்கும் சரி. 2025-26-லேர்ந்து 12 லட்சம். சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷனைச் சேர்த்தா 12.75 லட்சம். பழைய வருஷத்து விதியை இந்த வருஷத்து விதி மாதிரியே, கொஞ்சம்கூடத் தயங்காம சொல்லியிருக்கும். இதையே பிள்ளைகிட்ட செஞ்சு காட்டுங்க. உங்க தெரு வழியா எந்த பஸ் போகுது, உங்க ஊர்க் கோயில் திருவிழா எந்த மாசம்னு, அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயத்தைக் கேக்கச் சொல்லுங்க. தப்பா வந்தா அவங்களே சிரிப்பாங்க. அதுக்கப்புறம் ஹிஸ்டரி பதிலைப் புத்தகத்தோட வச்சுப் பாக்க நீங்க சொல்லவே வேண்டியிருக்காது.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம், ஆட்டோபே. ஓபன்ஏஐ 2025 நவம்பர் 4-லேர்ந்து இந்தியாவுல கோ பிளானை ஒரு வருஷத்துக்கு இலவசமா கொடுத்துச்சு. மாசம் 399 ரூபாய் பிளான். சேரும்போதே கார்டோ யூபிஐயோ கேட்டாங்க. இலவச காலம் முடிஞ்சதும் நீங்க நிறுத்தலைன்னா வருஷத்துக்கு 4,788 ரூபாய். பசங்க உங்க போன்ல இந்த மாதிரி ட்ரையலை எல்லாம் விளையாட்டா அமுக்கிடுவாங்க. ஆர்பிஐ விதிப்படி, முதல் தடவை மேண்டேட் போடும்போது மட்டும்தான் ஓடிபியோ பின்னோ கேக்கும். அப்புறம் 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கேக்காமலே எடுக்கலாம். எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான். அந்த எஸ்எம்எஸ்ஸை நாம யாரு படிக்கறோம்?

யூபிஐ பின்னைப் பிள்ளைக்குச் சொல்லி வச்சிருந்தா அதை இன்னைக்கே மாத்துங்க. மளிகைக் கடைக்கு அனுப்பும்போது வசதியாத்தான் இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா பின்னை நீங்களே பகிர்ந்து பணம் போச்சுன்னா, நீங்க பேங்குக்குத் தகவல் கொடுக்கற வரைக்கும் ஆன நஷ்டம் உங்களோடதுதான். ஆர்பிஐ 2017-ல போட்ட சுற்றறிக்கை அதைத் தெளிவா சொல்லுது. ஏஐ பேர்ல வர்ற போலி ஆப் எதையாவது இன்ஸ்டால் பண்ணி பணம் போயிருந்தா, பிள்ளையைத் திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல 1930-க்குப் போன் பண்ணுங்க, பேங்க்ல சொல்லி கார்டை பிளாக் பண்ணுங்க.

ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேக்கற மாதிரி வச்சுடுங்க. அப்புறம் ஜிபே, போன்பே எது வச்சிருந்தாலும் அதுல ஆட்டோபே பகுதியைத் திறந்து, எந்தெந்த மேண்டேட் ஓடுதுன்னு பாருங்க. ஆப்பை டெலீட் பண்ணினா சப்ஸ்கிரிப்ஷன் நிக்காது, அதைத் தனியா கேன்சல் பண்ணணும். தெரியாத பேர்ல ஏதாவது இருந்தா நிறுத்தறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அது உங்க வீட்டுக்காரம்மா போட்டோ ஸ்டோரேஜுக்குப் போட்டதாகவும் இருக்கலாம்.