வியர்க்கும் பானை... மூச்சிரைக்கும் நாய்!

குட்டீஸ், உங்கள் வீட்டில் மண்பானை இருக்கிறதா? ஊறுகாய் ஜாடி? இரண்டுமே களிமண்ணில் செய்து சூளையில் சுட்டவைதான். கோடையில் இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, காற்றோட்டமான நிழலில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் பானைத் தண்ணீர் 'ஜில்'லென்று ஆகிவிடும். ஜாடித் தண்ணீரில் அந்தக் குளிர்ச்சி இருக்காது. ஏன் இந்த வித்தியாசம்?

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் செராமிக் வேலை செய்பவர்களைக் கேட்டால் உடனே பதில் சொல்வார்கள். அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று விதவிதமாகச் செய்யும் ஊர் அது. சுட்ட களிமண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். பானையில் அவை திறந்தே இருப்பதால், தண்ணீர் மெல்லக் கசிந்து வெளியே வந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டுமே! அதைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஜாடியின் மேலோ 'கிளேஸ்' என்னும் கண்ணாடி போன்ற பூச்சு இருக்கிறது. துளைகள் அடைபட்டு விடுவதால் கசிவும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

விலங்கு உலகத்திலும் இப்படிப் பானைகளும் உண்டு, ஜாடிகளும் உண்டு!

நாம் ஒரு பானை!

சில வகைப் பீங்கான்களைச் சுட, சூளையின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியசைத் தாண்ட வேண்டும். நம் உடம்பும் ஒரு சூளைதான். சாப்பிட்ட சாப்பாடு உள்ளே 'எரிந்து' வெப்பம் தருகிறது. ஆனால், இந்தச் சூளை எப்போதும் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். நாலைந்து டிகிரி கூடினாலும் குறைந்தாலும் உயிருக்கே ஆபத்து.

இதைக் கண்காணிக்கும் காவல்காரர், மூளையின் அடிப்பகுதியில் உள்ள 'ஹைப்போதலாமஸ்'. மார்கழிக் குளிரில், "தசைகளே, நடுங்குங்கள்" என்று உத்தரவு போடுவார். நடுங்கினால் சூடு பிறக்கும். சித்திரை வெயிலில், "வியர்வைச் சுரப்பிகளே, வேலையைத் தொடங்குங்கள்" என்பார். நம் தோலில் 20 லட்சத்துக்கும் அதிகமான வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பத்தைக் கொண்டு, சுமார் 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து விடலாம்!

வியர்வை வழிந்து கீழே சொட்டினால் மட்டும் போதாது, ஆவியாக வேண்டும். ஐப்பசி மழைக் காலத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது, கவனித்திருக்கிறீர்களா? காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதுதான் காரணம். அதே காரணத்தால்தான் கடலோர ஊர்களின் புழுக்கம் நம்மைப் பாடாய்ப் படுத்துகிறது.

நாய் ஒரு ஜாடி!

நாய்க்கு உடம்பு முழுக்க ரோமம். வியர்ப்பது பெரும்பாலும் பாதங்களில் மட்டும்தான். அதனால் திறந்திருக்கும் 'ஜாடி வாய்' வழியாகவே வெப்பத்தை வெளியேற்றுகிறது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தால், வாயிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடம்பு குளிரும். வெயிலில் நாயின் வாயைக் கட்டிப்போட்டால் அதன் உயிரோடு விளையாடுவது போல.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. மத்தியான வெயிலில் காகம் அலகைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும், கோழி இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

எருமையின் கறுப்புத் தோல் வெயிலை நன்றாக உறிஞ்சும். வியர்வைச் சுரப்பிகளோ குறைவு. உள்ளிருந்து நனைய முடியாததால் வெளியிலிருந்து நனைத்துக்கொள்கிறது. குளத்தில் சுகமாகப் படுத்திருக்கும் எருமை சோம்பேறி அல்ல, புத்திசாலி!

வேலியில் இருக்கும் ஓணானுக்கு உடம்புக்குள் சூளை கிடையாது என்றே சொல்லலாம். காலையில் வெயில் காயும், உச்சி வேளையில் நிழலுக்கு ஓடும். அதுதான் அதன் வெப்பக் கட்டுப்பாடு.

கணக்குப் போடும் ஒட்டகம்

குளிர்ச்சிக்குக் கொடுக்கும் விலை தண்ணீர். பாலைவனத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் தாகத்தில் இருக்கும் ஒட்டகம் தன் உடல் வெப்பத்தை 41 டிகிரி வரை ஏற விட்டுவிடுகிறது. இரவுக் குளிரில் அது 34 டிகிரிக்கு இறங்கிவிடும். இதனால் பகலில் வியர்வை மிச்சம்!

வெப்பம் மட்டுமல்ல, தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் உடம்பு இப்படி அளவாக வைத்துக்கொள்கிறது. இந்தச் சமநிலைக்கு 1926ல் 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயர் வைத்தவர், அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன்.

பானை வற்றினால்...?

தண்ணீர் தீர்ந்த பானை குளிராது. நாமும் அப்படித்தான். வெயிலில் விளையாடும்போது தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் உடனே நிறுத்திவிட்டு நிழலுக்கு வாருங்கள், தண்ணீர் குடியுங்கள். உடன் விளையாடுபவர் குழப்பமாகப் பேசினாலோ, மயங்கி விழுந்தாலோ பெரியவர்களைக் கூப்பிடுங்கள்; 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, விசிறி விடவேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வாயில்லா ஜீவன்களுக்கு "தண்ணீர் கொடு" என்று கேட்கத் தெரியாது. மொட்டை மாடியிலும் வாசலிலும் நிழலாகப் பார்த்து, ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். பூச்சு இல்லாத சட்டியாக இருக்கட்டும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியுமே!