டியூ டேட் தாண்டியும் வலி வரலையா? பேரீச்சம்பழம் ஓகே... விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம்!

“டேட் தாண்டிடுச்சே, இன்னும் வலி வரலையா?” நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு தினமும் வரும் போன் கால் இது. கூடவே அட்வைஸும் வரும். அன்னாசி சாப்பிடு, மாடிப்படி ஏறி இறங்கு, ரெண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் குடி... இதில் எது உண்மையிலேயே வேலை செய்யும்?

முதலில் அந்த டேட். கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாள் கூட்டினால் வருவதுதான் டியூ டேட். அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் 100-க்கு சுமார் 5 தான். அதனால் நாலு நாள் தள்ளிப்போனால் அது தாமதமே இல்லை. 41 வாரம் முடிந்தது உறுதியானால்தான் மருந்து கொடுத்து வலி வரவைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனாலும் ஏன் இந்த அவசரம்? சிசேரியன் பயம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64 சதவீதத்தை நெருங்குகிறது. பயப்படுறவங்களைக் குறை சொல்ல முடியாது.

பெரிய ரிஸ்க் விளக்கெண்ணெயில்தான் இருக்கிறது. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலைப் போலவே கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும். அதனால் ‘வேலை செய்யாது’ என்று சொல்ல முடியாது. பிரச்சினை, அது எவ்வளவு வேலை செய்யும் என்பது நம் கையில் இல்லை. வாந்தி, பேதி, உடலில் நீர் வற்றுவது என்று சோர்ந்துபோய் லேபர் வார்டுக்குள் நுழைய வேண்டி வரலாம். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்கு பழைய தையல் இடம் விட்டுப்போகும் ஆபத்தும் உண்டு.

பேரீச்சம்பழத்தின் கதை வேறு. ஜோர்டானில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், கடைசி 4 வாரம் தினமும் 6 பழம் சாப்பிட்ட பெண்களுக்கு கர்ப்பப்பை வாய் கூடுதலாகத் திறந்திருந்தது. வலிக்கான மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால் சாப்பிடுவதில் நஷ்டமில்லை, சுகர் இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

வெளியே பேசத் தயங்கும் ஒன்று, மார்புக் காம்பைத் தூண்டுவது. இதனால் ஆக்ஸிடோசின் சுரக்கும். பிரசவ வலியைக் கிளப்பும் அதே ஹார்மோன். கர்ப்பப்பை வாய் தயாராக இருந்த பெண்களில் 72 மணி நேரத்துக்குள் 37 சதவீதம் பேருக்கு வலி வந்தது. எதுவும் செய்யாதவர்களில் 6 சதவீதம்தான். ஆனால் சுருக்கங்கள் அளவுக்கு மீறினால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையலாம். பிபி, இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இருப்பது போன்ற சிக்கல் உள்ளவர்கள் முயலவே கூடாது.

அன்னாசி? அதிலுள்ள என்சைம் வயிற்றிலேயே பெரும்பாலும் செரித்துவிடும். நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லது, மூச்சு வாங்க படி ஏறத் தேவையில்லை. தாம்பத்தியத்துக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. பனிக்குடம் உடைந்திருந்தால் கண்டிப்பாகக் கூடாது.

சீரகத் தண்ணீர் குடித்துப் பார்த்து, வலி அடங்கினால் அது சூட்டு வலி என்பார்கள் பாட்டிகள். குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ கஷாயம் போட்டுக் காத்திருக்கக் கூடாது. முக்கியமாக, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாமல், நடுராத்திரி ஆனாலும் 108-க்கு அழைத்துக் கிளம்பிவிட வேண்டும்.