மெயிலில் ஒரு வியாபாரம் – 9: ஐந்து பக்கமா, இருபது பக்கமா?

சப்ஜெக்ட் வரியை முடித்தாயிற்று. விளிக்கும் முறையையும் பார்த்தாயிற்று. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்த ஞாபகம் போதும்.

இந்த வாரம் பாக்கி கேட்கும் மெயிலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் 1978-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை என்னைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் பாக்கிக்குப் போக மனம் வரவில்லை.

எலன் லாங்கர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்கள் இருவரும் செய்த ஆராய்ச்சி அது. இடம், நியூயார்க் நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த ஜெராக்ஸ் மிஷின். நம் கடையநல்லூர் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும். ஒருவர் நகல் எடுக்கப் போகிற நேரத்தில் இன்னொருவர் குறுக்கே வந்து, "என்னிடம் ஐந்து பக்கம் இருக்கிறது, நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார். சிலரிடம் இவ்வளவுதான் கேட்டார்கள். சிலரிடம் "அவசரமாகப் போக வேண்டியிருப்பதால்" என்று காரணம் சேர்த்தார்கள். மூன்றாவது வகைதான் சுவையானது. "நகல் எடுக்க வேண்டியிருப்பதால்" என்று சொல்லிக் கேட்டார்கள். ஜெராக்ஸ் மிஷினுக்கு நகல் எடுக்கத்தானே எல்லோரும் வருகிறார்கள்? காரணம் போன்ற தோற்றம் இருக்கிறது, உள்ளே காரணம் இல்லை.

காரணமே சொல்லாமல் கேட்டபோது 60 சதவீதம் பேர் வழி விட்டார்கள். அவசரம் என்றபோது 94 சதவீதம். அந்த வெற்றுக் காரணத்துக்கு 93 சதவீதம்!

விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் இந்த ஆராய்ச்சியை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 'ஏதாவது ஒரு காரணத்தைச் சேர்த்துவிடு, ஆள் மடங்கிவிடுவான்' என்று பாடம் நடத்துகிறார்கள். நானும் இத்தனை காலம் அந்தப் பாதியை மட்டுமே கேள்விப்பட்டிருந்தேன். இந்த வாரம் மறுபாதியைப் படித்தேன். அதே ஆராய்ச்சியில், ஐந்து பக்கத்துக்குப் பதில் இருபது பக்கம் என்று சொல்லியும் கேட்டிருக்கிறார்கள். காரணமில்லாமல் கேட்டதற்கு 24 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். வெற்றுக் காரணத்துக்கும் அதே 24 சதவீதம்தான். உண்மையான காரணத்துக்கு 42 சதவீதம்.

அதாவது, இழப்பு சின்னது என்றால் மனிதர்கள் காரணத்தை எடை போடுவதில்லை. இருபது பக்கம் என்றதும் எடை போடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தராசில் வெற்றுச் சொல்லுக்கு எடையே இல்லை. மொத்தம் 120 பேர், ஒரு வகைக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து பேர் என்ற சின்ன அளவில் நடந்த ஆராய்ச்சி இது. ஆகவே ஒவ்வொரு சதவீதத்தையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் அது காட்டும் திசையை நான் முழுமையாக நம்புகிறேன்.

ஏனென்றால் வியாபார மெயிலில் நாம் கேட்பது அநேகமாக எல்லாமே இருபது பக்கம்தான். முதல் ஆர்டர், முப்பது நாள் கடன், விலை உயர்வு, சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வது, இதில் எது ஐந்து பக்கம்? இருந்தும் 'தலைசிறந்த', 'உயர்தரமான', 'நம்பகமான', 'போட்டியற்ற விலையில்' என்று அடுக்குகிறோம். ஆங்கிலத்தில் எழுதினால் 'எஸ்டீம்டு' என்று தொடங்கி 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடிக்கிறோம். இந்தச் சொற்களைப் போட்டிக் கடைக்காரரும் எழுத முடியும், எழுதியும் இருப்பார். படிப்பவர் கையில் எடை போட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அதே 1978-ல், மே 3-ஆம் தேதி, அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி துர்க், இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் வலையில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் என்று இன்று அதைச் சொல்கிறார்கள். எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தது. முகவரிகள் இடம் கொள்ளாமல் மெயிலின் உள்ளேயே வழிந்து கிடந்தன. அரசு வேலைக்கான வலையில் வியாபாரமா என்று கண்டனமும் வந்தது. ஆனால் அந்த மெயிலால் ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றது என்று துர்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த மெயிலைத் தேடிப் படித்தேன். புகழ்ச்சி அதிகம் இல்லை. என்ன மாடல், முந்தைய மாடலிலிருந்து என்ன மாறியிருக்கிறது, எந்த இரண்டு ஊர்களில், எந்த நாளில் வந்து நேரில் பார்க்கலாம் என்று இருந்தது. வர முடியாதவர்கள் பக்கத்தில் உள்ள கம்பெனி ஆபீஸில் விவரம் கேட்கலாம் என்றும் சொல்லியிருந்தது. கேட்காதவர்களுக்கு மொத்தமாக மெயில் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் 'வந்து பார்' என்று தேதியோடு அழைத்த அந்தப் பகுதியை நாம் கற்றுக்கொள்ளலாம்.

அது எனக்கு உடனே புளியங்குடியை நினைவுபடுத்தியது. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கே கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு நண்பரின் மகன் சில மாதம் முன்பு என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, கேரளாவுல உள்ள ஊறுகாய் கம்பெனிக்கெல்லாம் மெயில் போட்டுட்டேன். ஒருத்தனும் பதில் போடமாட்டேங்கான்" என்றான். மெயிலை வாங்கிப் பார்த்தேன். ஏழு வரியில் நான்கு 'சிறந்த'. "தம்பி, வாங்குற மேனேஜருக்கு என்ன பயம் இருக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கடகடவென்று சொன்னான். மூட்டைக்கு மேலே பெரிய காயை வைத்து நடுவில் பொடிக்காயைத் தள்ளிவிடுவார்கள். வழியில் சூடேறி அழுகிவிடும். கோடையில் விலை ஏறியதும் பேசிய சரக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இவ்வளவும் தெரிந்த பையன் மெயிலில் ஒன்றையும் எழுதவில்லை!

உட்கார்ந்து மாற்றி எழுதினோம். ஏறக்குறைய இப்படி வந்தது:

"பொடிக்காயைத் தனியே பிரித்துவிட்டுத்தான் மூட்டை கட்டுகிறோம். அன்று பறித்த காய் அன்று இரவே லாரி ஏறும். முதல் தடவை ஐந்து மூட்டை மட்டும் எடுங்கள். கொட்டிப் பார்த்து, நீங்களே எடை போட்டு, கழிவைக் கழித்துக்கொண்டு மீதிக்குப் பணம் போடுங்கள். பங்குனி, சித்திரையில் விலை ஏறும் என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் தை மாதத்திலேயே விலை பேசி எழுதிக்கொள்ளலாம் என்று கேட்கிறோம்."

இதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. 'நீங்களே எடை போட்டு' என்பதைவிட வசியமான சொல்லை எந்த அகராதியிலிருந்து எடுப்பது? 'அதனால்' என்ற சொல்லும் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மெய்யான காரணம் நிற்கிறது. ஒரு கம்பெனியிலிருந்து பதில் வந்தது, ஒரு கேள்வியோடு. ஐந்து மூட்டைக்கு லாரி வாடகை யார் தலையில்? அது நாங்கள் எழுத விட்ட வரி. அடுத்த மெயிலிலிருந்து அதையும் சேர்த்துவிட்டான்.

மெயில் வருவதற்கு முந்தைய காலத்துக்குப் போனால், நம் சீமையில் எழுதப்பட்ட ஆகப் பெரிய வியாபாரக் கோரிக்கை வ.உ.சி.யுடையதுதான். கடையநல்லூரும் தூத்துக்குடியும் அன்று ஒரே திருநெல்வேலி ஜில்லா. 1906 அக்டோபர் 16-ல் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்துக்கு மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் கொடுத்தார்.

தேசபக்தி என்ற ஒரே சொல்லை வைத்து அந்தப் பணம் திரண்டது என்று சொல்வது வ.உ.சி.யின் வியாபார அறிவுக்குச் செய்யும் அநியாயம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மலிவாகக் கப்பல் விடுவது, நம்மவருக்குக் கப்பல் தொழில் கற்றுக்கொடுப்பது என்று சங்கத்தின் நோக்கங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பங்கு போடுகிறவர் தன் பணம் எங்கே போகும் என்று பார்க்க முடிந்தது. பெருந்தொகைக்காரருக்கும் இடம் இருந்தது, 25 ரூபாய் சேர்த்து வைத்திருந்தவருக்கும் இடம் இருந்தது. பிறகு போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது, இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்றெல்லாம் சொல்வார்கள். கட்டணம் அவ்வளவு இறங்கிய பிறகும் சுதேசிக் கப்பலைத் தேடி ஏறியவர்கள் இருந்தார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. அந்த வீழ்ச்சிக்கு அரசு அடக்குமுறையும் பணபலமும் காரணம். கோரிக்கையை எழுதிய விதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நம் ஊர்க்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. பிழைக்கப் போன இடத்தில் 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். 1946-ல் அந்த அமைப்பு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. 1982 வரை நடந்த பள்ளி அது. கடல் கடந்து உழைத்தவர்களிடம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கேட்பது ஐந்து பக்கக் கோரிக்கையா? பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்ற காரணம் எடை நின்றது, கொடுத்தார்கள். சிங்கப்பூரில் தமிழில் உயர்நிலை வகுப்பு வரை படிக்க வழி செய்த பள்ளியாக அது வளர்ந்தது. இதைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுத ஆசை இருக்கிறது.

பாக்கி விஷயத்துக்கு இந்த வாரம் இடம் இல்லை. மத்தளம்பாறை ஸோஹோ மெயிலில் அனுப்பினாலும் ஜிமெயிலில் அனுப்பினாலும், கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்கும்போது மட்டும் நம் கை ஏன் இப்படிக் கூசுகிறது என்பதை நிதானமாகப் பேச வேண்டும். மூன்றாவது நினைவூட்டலில் 'தயவுசெய்து' இருக்கலாமா கூடாதா என்ற கேள்வியிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.

(தொடரும்)