மனநல விழிப்புணர்வு நிகழ்வுகளில் ஊர்மக்களின் பங்கு

மனநல விழிப்புணர்வு நிகழ்வு என்பது மனநோய்கள் பற்றிய சரியான தகவலைப் பரப்பவும், நோயுற்றோர் மீதான அச்சத்தையும் இழிநோக்கையும் குறைக்கவும், சிகிச்சை கிடைக்கும் இடத்தைத் தெரிவிக்கவும் நடத்தப்படும் கூட்டம், பேரணி, தெருநாடகம், முகாம் முதலியவற்றைக் குறிக்கும். உலக மனநலக் கூட்டமைப்பு 1992-இல் தொடங்கிய உலக மனநல நாள் ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இத்தகைய விழிப்புணர்வை ஏற்படுத்துவதை அரசின் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. ஊர்மக்களே முன்னின்று நடத்தும்போதுதான் இந்நிகழ்வுகளின் பயன் வீடுவரை சென்று சேர்கிறது. தமிழ்நாட்டின் அனுபவம் இதற்குச் சான்றாகும்.

தேவை

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் அப்போது ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலுடன் இருந்தனர் என்று அதில் தெரியவந்தது. பல நோய்களில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் உரிய சிகிச்சை பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். குடும்பத்தின் தயக்கம் மற்றொரு காரணம். "ஊர் என்ன சொல்லும்", "பெண்ணுக்கு வரன் அமையாதே" என்ற கவலையால் பலர் நோயை மறைக்கின்றனர். பேய் பிடித்தது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கருதி ஆண்டுக்கணக்கில் அலைவோரும் உண்டு. ஊரின் பேச்சுக்கு அஞ்சி மறைக்கப்படும் நோயை, அந்த ஊரே பேசத் தொடங்கினால்தான் வெளியே கொண்டுவர முடியும்.

ஏர்வாடி தந்த பாடம்

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் உள்ள தர்காவுக்கு மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல மதத்தவரும் நெடுங்காலமாக வந்து தங்குகின்றனர். தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பல முறையான மருத்துவ வசதியின்றி இயங்கிவந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் சிக்கியவர்கள் உட்பட 28 பேர் உயிரிழந்தனர். இதன்பின் அக்காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து இதை விசாரித்தது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது.

காப்பகங்களை மூடினாலும் மக்களின் நம்பிக்கை மாறவில்லை. தர்காவுக்கு வருவோர் தொடர்ந்து வந்தனர். எனவே மருத்துவத்தை அங்கேயே கொண்டுசெல்லும் வழி பின்னர் மேற்கொள்ளப்பட்டது. 'தவா-துவா' எனப்படும் இம்முறையில், பிரார்த்தனைக்கு வருபவர் அதை விட்டுவிட வேண்டியதில்லை. அதனுடன் மனநல மருத்துவரின் ஆலோசனையும் மருந்தும் அவருக்குக் கிடைக்கின்றன. தர்காவில் இருப்பவர்கள் சொல்லி அனுப்பும்போது, முன்பின் அறியாத அதிகாரி சொன்னால் கேட்காத குடும்பமும் மருத்துவரைப் பார்க்கிறது.

வழிபாட்டிடங்கள் தரும் அரவணைப்பையும் ஆய்வாளர்கள் கவனித்துள்ளனர். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. இது சிறிய ஆய்வே. மருந்து தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆனால் அச்சுறுத்தாத சூழலும் பரிவான கவனிப்பும் நோயாளிக்கு எவ்வளவு தேவை என்பதை இது உணர்த்துகிறது.

பேருந்தில் வந்த சிகிச்சை

மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் (ஸ்கார்ஃப்), 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடமாடும் தொலைமருத்துவச் சேவையை நடத்தியது. ஆலோசனை அறையும் மருந்தகமும் கொண்ட பேருந்து ஊர் ஊராகச் சென்றது. நோயாளிகள் அதில் அமர்ந்து, சென்னையிலிருந்த மனநல மருத்துவருடன் காணொளியில் பேசினர். விழிப்புணர்வுப் படங்களும் திரையிடப்பட்டன. நோயாளிகளைக் கண்டறிந்து அழைத்துவரும் வேலையை அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பணியாளர்கள் செய்தனர். நோயைப் பற்றிக் கேள்விப்பட்டவர் சிகிச்சைக்காக வேறெங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

யாரை எவ்வாறு சேர்ப்பது

* கிராம சபை: தமிழ்நாட்டில் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. உலக மனநல நாளுக்கு எட்டு நாள் முன்பே ஊர் கூடுவதால், நிகழ்ச்சியைத் திட்டமிடவும் பொறுப்புகளைப் பிரிக்கவும் இது ஏற்ற இடம்.
* மகளிர் சுய உதவிக் குழுக்கள்: ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு குழுக்கள் என்பதால், மேடையில் கேட்கத் தயங்கும் கேள்விகளை இங்கே கேட்க முடியும்.
* நலம் பெற்றவர்களும் குடும்பத்தினரும்: மனநோயிலிருந்து மீண்டவரை நேரில் சந்தித்துப் பேசுவது இழிநோக்கைக் குறைக்கும் வலுவான வழிகளுள் ஒன்று. அவர் விருப்பத்துடன் முன்வந்தால் மட்டுமே பேசவைக்க வேண்டும்.
* ஆசிரியர், கிராம செவிலியர், பூசாரி, இமாம், பாதிரியார்: துன்பத்தில் இருப்போர் முதலில் நாடுவது பெரும்பாலும் இவர்களையே. எந்த அறிகுறி கண்டால் எங்கே அனுப்புவது என்பதை இவர்களுக்கு முன்னதாகவே சொல்லித்தர வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

'பைத்தியம்', 'கிறுக்கு' போன்ற சொற்களை நகைச்சுவைக்காகக்கூட நாடகத்தில் பயன்படுத்தக் கூடாது. ஊரிலுள்ள நோயாளியைப் பெயர் சொல்லியோ சாடையாகவோ குறிப்பிடக் கூடாது. தற்கொலை பற்றிப் பேசும்போது அதன் முறையை விவரிக்காமல், உதவி கிடைக்கும் வழிகளை எடுத்துரைக்க வேண்டும். வழிபாட்டு நம்பிக்கையை ஏளனம் செய்தால் குடும்பங்கள் விலகிச் செல்லும்.

பயனை அளத்தல்

எத்தனை பேர் கூடினர் என்பது நிகழ்ச்சியின் பயனைக் காட்டாது. அடுத்த மூன்று மாதங்களில் அவ்வூரிலிருந்து எத்தனை பேர் புதிதாக மருத்துவமனைக்குச் சென்றனர், இடையில் சிகிச்சையை விட்டவர்கள் எத்தனை பேர் திரும்பினர் என்று பெயர்களை வெளியிடாமல் கணக்கெடுப்பதே பொருத்தமானது. இதற்கு, கூட்டம் முடியும் முன் ஒவ்வொருவருக்கும் மூன்று தகவல்கள் தெரிந்திருக்க வேண்டும். அவை அருகில் மனநலப் பிரிவு இயங்கும் அரசு மருத்துவமனை, அங்கே மருத்துவர் இருக்கும் நாள், நாள் முழுதும் இயங்கும் கட்டணமில்லா மனநல உதவி எண் 14416 ஆகியனவாகும். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இயங்கும் இச்சேவையில் தமிழிலேயே பேசலாம். துண்டறிக்கை தொலைந்தாலும் நினைவில் நிற்கும்படி, இந்த எண்ணை நியாயவிலைக் கடை, பள்ளி, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் சுவர்களில் எழுதிவைக்கலாம்.