குளிக்க வெந்நீர் கேட்டு 19 மாணவிகள் துணிச்சல் போராட்டம்!

குழாயடிச் சண்டை தெருவில்தான் நடக்கும் என்று யார் சொன்னது? உலகப் புகழ் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில், அதிகாரியின் அறைக்குள்ளேயே ஒரு குழாயடிச் சண்டை நடந்தது. அதில் ஜெயித்தவர்கள் 19 மாணவிகள்.

1976-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி அமெரிக்காவில் பெரும் பரபரப்பை உண்டாக்கிய அந்தச் சம்பவத்தின் விவரம் வருமாறு:-

ஆண்களுக்கு ஷவர், பெண்களுக்கு பஸ்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நியூஹேவன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே உள்ள யேல் பல்கலைக்கழகம் 1701-ல் தொடங்கப்பட்டது. ஜனாதிபதிகளும் நீதிபதிகளும் படித்த இடம். பணத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் பட்டப்படிப்புக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969-ல்தான்.

சேர்ந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. துடுப்புப் படகுப் போட்டிக்கு ஓர் அணி அமைத்தார்கள். பயிற்சி நடப்பது பக்கத்து ஊரான டெர்பியில். அங்கே ஹூசடானிக் ஆற்றின் கரையில் பல்கலைக்கழகத்தின் படகுக் கொட்டகை இருந்தது. ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் பஸ்சில் போய், பஸ்சில் திரும்ப வேண்டும்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கொட்டகையில் குளிப்பதற்கு ஷவர் உண்டு. உடை மாற்ற அறை உண்டு. ஆனால் எல்லாம் ஆண்களுக்கு! பயிற்சி முடிந்ததும் ஆண்கள் வெந்நீரில் சாவகாசமாகக் குளிப்பார்கள். பெண்களோ நனைந்த துணியோடு பஸ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் குளித்து முடித்து வரும் வரை அரை மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். அதன் பிறகுதான் பஸ் புறப்படும். ஊர் போய்ச் சேர மேலும் அரை மணி நேரம்.

அந்த ஊர்க் குளிர் சாதாரணக் குளிர் அல்ல. ஆற்றில் இருந்து தெறிக்கும் தண்ணீர் சட்டையிலேயே பனிக்கட்டியாகி விடும். பஸ்சுக்குள் அது உருகி வழியும். உள்ளே வியர்வை ஈரம், வெளியே பனி ஈரம். சளி, காய்ச்சல் என்று படுக்கையில் விழுந்தவர்களும் உண்டு.

மாணவிகள் முறையிட்டார்கள். "பார்க்கிறோம், செய்கிறோம்" என்ற கதைதான். குழாய் மட்டும் வரவில்லை.

சட்டம் என்ன சொன்னது?

இத்தனைக்கும் சட்டம் மாணவிகள் பக்கம் இருந்தது. 1972-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி ஜனாதிபதி நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் 9-வது பகுதிக்கு "டைட்டில் 9" என்று பெயர். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதே அதன் சாரம்.

மொத்தம் 37 ஆங்கிலச் சொற்கள். அதில் விளையாட்டு என்ற பேச்சே கிடையாது! ஆனால் 1975-ல் வந்த விதிகள் அதைத் தெளிவாக்கின. சமவாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது கருவிகள், பயணச் செலவு, பயிற்சியாளர், பயிற்சி இடம், உடை மாற்றும் அறை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றன. கல்லூரிகள் சரி செய்துகொள்ள 1978 ஜூலை வரை அவகாசம் தரப்பட்டது.

அவகாசம் கல்லூரிக்கு. குளிர் மாணவிகளுக்கு!

அதிகாரி அறையில் பரபரப்பு

மார்ச் 3-ந் தேதி, பெண்கள் விளையாட்டுப் பொறுப்பில் இருந்த பெண் அதிகாரியின் அறைக்குள் 19 மாணவிகள் வரிசையாக நுழைந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் அணித் தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட்.

அதிகாரி என்ன ஏது என்று கேட்பதற்குள் மாணவிகள் மேலே போட்டிருந்த உடைகளைக் களைந்தார்கள். அதிகாரி திகைத்துப் போனார். ஒவ்வொருவர் உடம்பிலும் நீல மையில் "டைட்டில் 9" என்று எழுதப்பட்டிருந்தது. காகிதத்தில் தூங்கிய சட்டத்தை உடம்பில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள்!

எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையைப் படித்தார். யேல் சுரண்டுவது இந்த உடம்புகளைத்தான் என்று அவர் குற்றம் சாட்டினார். வெற்றிக் கணக்கில் சேர்க்கப்படும் வெறும் எண்கள் அல்ல நாங்கள், மனிதர்கள் என்றும், ஆனால் மனிதர்களாக நடத்தப்படவில்லை என்றும் சொன்னார். படித்து முடித்ததும் உடையை அணிந்துகொண்டு அமைதியாக வெளியேறினார்கள். கூச்சல் இல்லை, கல்வீச்சு இல்லை.

ஆனால் விஷயம் அந்த அறையோடு முடியவில்லை. அங்கே படித்துக்கொண்டே "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகைக்குச் செய்தி அனுப்பி வந்த ஒரு மாணவரையும் அவர்கள் கூடவே அழைத்து வந்திருந்தார்கள். செய்தி பத்திரிகையில் வந்தது. நாடு முழுவதும் அதே பேச்சு. பல்கலைக்கழகத்துக்குத் தர்மசங்கடம்.

பிறகு என்ன? படகுக் கொட்டகையில் பெண்களுக்கும் உடை மாற்றும் அறை வந்தது. குளிக்கும் வசதி வந்தது. வெந்நீரும் வந்தது!

அவர்கள் என்ன ஆனார்கள்?

அதே 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான படகுப் போட்டி முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. போராட்டத்தில் முன்னின்ற ஆன் வார்னர் அதில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். எர்ன்ஸ்டும் அமெரிக்க அணிக்குத் தேர்வானார். 1986-ல் உலக சாம்பியன் பட்டமும் பெற்றார். அவருடைய கதை 1999-ல் ஆவணப் படமாகவும் வந்தது.

அந்தக் காலத்தில் யேல் அணியில் சேர்ந்து துடுப்பு போடக் கற்ற இன்னொரு மாணவி ஜின்னி கில்டர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். 2000-ம் ஆண்டில் டெர்பியில் யேல் புதிய படகு இல்லம் திறந்தது. அதற்கு வைக்கப்பட்ட பெயர் "கில்டர் படகு இல்லம்". அவருடைய குடும்பம் கொடுத்த நன்கொடைக்கு மரியாதை! பெண்களுக்கு ஒரு குழாய் இல்லாத ஆற்றங்கரையில், இப்போது கட்டடத்துக்கே ஒரு பெண்ணின் குடும்பப் பெயர்.

இதோடு முடியவில்லை. உலக சாம்பியன் எர்ன்ஸ்ட் பிழைப்புக்கு என்ன தொழிலைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா?

பாஸ்டன் நகரில் பிளம்பர் வேலை. ஆமாம், அடுத்தவர் வீட்டுக்குக் குழாய் பொருத்தும் வேலைதான்!