கோலிக்குண்டின் தீர்ப்பும் அண்டை நாட்டார் கடமையும்

மேற்கு ஆப்பிரிக்காவில், மூன்று புறமும் செனகல் நாட்டால் சூழப்பட்டு, ஒரு புறம் மட்டும் அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி அமைந்த சிறு நாடு காம்பியா. மக்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். அங்கே 2016 டிசம்பர் 1 அன்று நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்குச்சீட்டு இல்லை. எழுத்தறியாதாரும் பிழையின்றி வாக்களிக்க வேண்டும் என 1960களில் வகுக்கப்பட்ட முறைப்படி, வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு வழங்கப்பட்டது. வேட்பாளர்தம் நிறம் தாங்கிய பீப்பாய்களுள் தாம் விரும்பிய ஒன்றில் அதனை இட்டால், உள்ளிருக்கும் மணி ஒருமுறை ஒலிக்கும். இருமுறை ஒலித்தால் கள்ள வாக்கு எனப் புலப்பட்டுவிடும். அந்த ஒற்றை மணியோசைக்கு அந்நாட்டு மக்களும் அண்டை நாட்டாரும் எவ்வாறு காவல் நின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தேர்தலும் மறுப்பும்

1994 சூலையில் இராணுவப் புரட்சியின் வாயிலாக ஆட்சியைக் கைப்பற்றிய யஹ்யா ஜம்மே, 22 ஆண்டுகள் அந்நாட்டை ஆண்டார். 2016 ஏப்ரலில் தேர்தல் சீர்திருத்தம் கோரிப் போராடிய எதிர்க்கட்சியைச் சேர்ந்த சோலோ சாண்டெங் காவலில் உயிரிழந்தார். அதனைக் கண்டித்து வீதிக்கு வந்த கட்சித் தலைவர் உசைனு டார்போ சிறையிலிடப்பட்டார். இந்நிலையில் எதிர்க்கட்சிகள் பல ஒன்றுகூடி அதமா பாரோ என்பாரை வேட்பாளராக நிறுத்தின.

டிசம்பர் 2 அன்று பாரோ வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. ஜம்மேயும் தோல்வியை ஒப்புக்கொண்டு, தொலைபேசியில் வாழ்த்துக் கூறினார். பின்னர்க் கூட்டலில் நேர்ந்த பிழையொன்றைக் கண்ட ஆணையம், டிசம்பர் 5 அன்று தானே அதனைத் திருத்தி வெளியிட்டது. அதன்படி பாரோ பெற்றவை 2,27,708 வாக்குகள். ஜம்மே பெற்றவை 2,08,487. வேறுபாடு 51,000 அளவிலிருந்து 19,000 அளவாகக் குறைந்ததேயன்றி, வெற்றி மாறவில்லை. ஆயினும், தன் பிழையைத் தானே எடுத்துரைத்த நேர்மையையே குற்றமாக்கி, டிசம்பர் 9 அன்று ஜம்மே தேர்தல் செல்லாது என்றார். 13ஆம் நாள் ஆணையத்தின் அலுவலகத்தைப் பாதுகாப்புப் படையினர் கைப்பற்றினர். அவர் தொடுத்த வழக்கைக் கேட்பதற்கோ, உச்ச நீதிமன்றத்தில் போதிய நீதிபதிகள் இல்லை.

முதலில் எழுந்த குரல்

அண்டை நாட்டுப் படைகள் அசைவதற்கு நெடுநாள் முன்னரே காம்பிய மக்கள் அசைந்தனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. வழக்குரைஞர் சங்கமும், ஆசிரியர் சங்கமும், பத்திரிகையாளர் சங்கமும், பல்கலைக்கழக ஆசிரியர்களும் மக்கள் தீர்ப்பை ஏற்குமாறு ஜம்மேயை வெளிப்படையாக வலியுறுத்தினர். ‘காம்பியா முடிவு செய்துவிட்டது’ என்னும் வாசகம் பொறித்த சட்டையை இளைஞர் அணிந்தனர். அதற்காகச் சிலர் கைதாயினர். அமைதியான மாற்றத்திற்குத் துணைநிற்குமாறு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்தைக் குடிமைச் சமூக அமைப்புகள் வேண்டின. அரசாங்க ஊதியத்தை நம்பி வாழும் ஆசிரியர், தம் அரசுத் தலைவரை நோக்கி ‘இறங்குக’ என்று சொல்வது எத்துணை இடர் மிக்கது என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம்.

தலையீடு முறையா?

ஒரு நாட்டின் தேர்தலில் பிற நாடுகள் தலையிடலாமா என்னும் வினா இங்கு எழும். நம் பெரியோர் பலர் இதனை ஐயத்தோடு நோக்குவர். 2003இல் ஈராக்கிற்கு நேர்ந்ததைக் கண்ட எவர்க்கும் அவ்வையம் இயல்பே. எனினும் காம்பியாவின் நிலை மூவகையில் வேறுபட்டது.

முதலாவது, அழைப்பு உள்ளிருந்து எழுந்தது. வெளியார் எவரும் வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்து, அந்நாட்டு ஆணையமே அறிவித்திருந்தது.

இரண்டாவது, வந்தவர்கள் ஒப்பந்தத்தால் கட்டுண்ட அயலார். 1975இல் தோன்றிய அச்சமூகத்தில் காம்பியாவும் உறுப்பு நாடு. மக்களாட்சி, நல்லாட்சி பற்றி 2001இல் அந்நாடுகள் உடன்படிக்கை ஒன்றையும் செய்திருந்தன. டிசம்பர் 13 அன்று சமாதானம் பேச வந்த தலைவர்களுள் ஒருவர் கானாவின் மகாமா. ஜம்மே தேர்தலை மறுத்த அதே டிசம்பர் 9 அன்று, தம் நாட்டில் தமக்கு நேர்ந்த தோல்வியை ஒப்புக்கொண்டவர் அவர். சொல்லும் தகுதி அவர்க்கு இருந்தது.

மூன்றாவது, படை கடைசிப் படியாகவே வைக்கப்பட்டது. பேச்சுவார்த்தை பயனளியாமல், 2017 சனவரி 17 அன்று ஜம்மே நெருக்கடி நிலையை அறிவித்தார். ஏறத்தாழ 45,000 பேர் செனகலுக்குள் புகலிடம் தேடினர். செனகலில் தங்கியிருந்த பாரோ, தம் எட்டு வயது மகன் நாய்க்கடியால் இறந்தபோது நல்லடக்கத்திற்கும் தாயகம் செல்ல இயலவில்லை. சனவரி 19 அன்று டக்கார் நகரிலுள்ள காம்பியத் தூதரகத்தில் அவர் பதவியேற்றார். அன்றே ஐ.நா. பாதுகாப்பு அவை 2337ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றி, அமைதி வழியே முதன்மை என வலியுறுத்தியது. எல்லை கடந்த வட்டாரப் படை, கினி, மொரிட்டானியா நாட்டுத் தலைவர்கள் இறுதியாக ஒருமுறை பேசுவதற்கு இடமளித்து நின்றது. 21ஆம் நாள் ஜம்மே நாட்டை விட்டு அகன்றார். பெரும்போர் மூளவில்லை. 2010ஆம் ஆண்டுத் தேர்தல் தகராறால் ஐவரி கோஸ்ட்டில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டதை எண்ணினால், இதன் அருமை விளங்கும்.

சமயமும் ஆட்சியும்

2015 டிசம்பரில் ஜம்மே தம் நாட்டை ‘இஸ்லாமியக் குடியரசு’ என அறிவித்திருந்தார். ஓராண்டிற்குள் அம்முஸ்லிம் மக்களே அவரை வாக்கால் அகற்றினர். ஆட்சி என்பது அமானிதம். உரியவர் திரும்பக் கேட்கும்போது ஒப்படைக்க வேண்டிய பொருள். அதனை ஒப்படைக்க மறுப்பவர்க்குப் பெயர்ப்பலகை கேடயமாகாது என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர்.

வாயிலும் வீடும்

பின்னர் நடந்தவற்றையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். முன்னைய ஆட்சியின் கொடுமைகளை ஆராய உண்மை, நல்லிணக்க ஆணையம் அமைக்கப்பட்டு, 2021இல் அறிக்கை அளித்தது. ரோகிங்கியா முஸ்லிம்களுக்காக மியன்மார் மீது 2019இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த நாடும் இச்சிறு காம்பியாவே. அதே வேளையில், மூன்றாண்டுகளில் விலகுவதாகக் கூட்டணி அளித்த உறுதிமொழி காக்கப்படவில்லை. பாரோ தொடர்ந்து ஆண்டு, 2021 தேர்தலிலும் வென்றார். சமாதானம் பேசிய கினித் தலைவர் ஆல்ஃபா கொண்டே, 2020இல் தம் நாட்டில் மூன்றாம் முறை பதவியைப் பற்றிக்கொண்டார். 2021இல் படையினரால் வீழ்த்தப்பட்டார். 2023இல் நைஜரில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியபோது வட்டாரச் சமூகம் விடுத்த எச்சரிக்கை பலிக்கவில்லை. அந்நாடு மாலி, புர்க்கினா ஃபாசோவுடன் 2025இல் அச்சமூகத்தை விட்டே விலகியது.

இவற்றால் நாம் பெறும் தெளிவு இதுவே: அயலார் அடைபட்ட வாயிலைத் திறக்க உதவலாம், வீட்டைப் பேணுதல் உள்ளிருப்போர் கடமை. உள்ளே குரல் எழாத இடத்தில் வெளிப்படை ஆக்கிரமிப்பாகிவிடும். உள்ளே எழும் குரலை அயலார் கேளாதிருப்பின், அது அநீதிக்குத் துணைபோவதாகும். கற்றோர் சங்கங்கள் அஞ்சாது உண்மையுரைக்கும் நாட்டிலேதான் ஒற்றைக் கோலிக்குண்டின் ஓசை எல்லை கடந்தும் கேட்கும். நாளை வாக்களிக்கவும் வாக்குகளை எண்ணவும் போகும் நம் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.