கால்மாட்டில் ஒருவர்

சில மாதங்களுக்கு முன் தெற்கேயிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் வந்தேன். இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பர், கீழ்ப் படுக்கை. நடுராத்திரி விழித்தபோது என் கால்மாட்டில் ஒருவர் குந்தியிருந்தார். பொதுப்பெட்டி டிக்கெட். நடைபாதையில் அவர் மனைவி துண்டை விரித்துப் பிள்ளையைப் போட்டிருந்தார். ‘அங்க நிக்கவே முடியல சார். முன்னெல்லாம் நாலு பெட்டி மாட்டுவான், இப்ப ரெண்டுதான்’ என்றார். நான் பரிசோதகரிடம் சொன்னேன். விழுப்புரத்தில் இறக்கிவிட்டார்கள். பிறகு காலை நீட்டித் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘ஸ்லீப்பர் கெட்டுப்போச்சு’ என்கிற சொல்லாடல் நம் எல்லாரிடமும் இருக்கிறது. அதில் குற்றவாளியாகக் கட்டமைக்கப்படுவது எப்போதும் இந்தக் கால்மாட்டு ஆள்தான். பெட்டிக் கணக்கு அதற்குள் வருவதேயில்லை.

மூன்றாம் வகுப்பின் அவலத்தைக் காந்தி 1917-இல் எழுதினார். 1974-இல் அந்தப் பெயர் ஒழிந்தது, பலகை ஒழியவில்லை. 1977-இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரான பிறகே இரண்டாம் வகுப்புப் பலகையின்மேல் இரண்டு அங்குல மெத்தை ஏறியது. அற்பமாகத் தோன்றலாம். சாதாரண ஜனங்களுக்கும் முதுகு என்று ஒன்று உண்டு என அரசு ஒப்புக்கொண்ட தருணம் அது என்றே நான் வாசிக்கிறேன்.

பிறகு நடந்தது வேறு. 2007-இல் பக்கவாட்டிலும் ஒரு நடுப்படுக்கையைச் செருகினார்கள். 72 பேர் படுத்த பெட்டியில் 81 பேர். நிமிர்ந்து உட்கார முடியாமல் ஜனங்கள் திட்டித் தீர்த்தபின் 2009-இல் கைவிட்டார்கள். (பிதுங்கிக்கொண்டு படுத்த அனுபவம் இருப்பவர்களுக்குத் தெரியும்.) இன்றைய புதுவகைப் பெட்டி நீளமானது, 80 படுக்கை.

ஆனால் சங்கதி படுக்கையில் இல்லை, ரயிலின் நீளத்தில் இருக்கிறது. நடைமேடைக்கு ஒரு நீளம் உண்டு, அதை மீறிப் பெட்டிகளைக் கோத்துக்கொண்டே போக முடியாது. ஆகவே மூன்றடுக்கு ஏசி ஒன்று கூடினால் வேறொன்று கழல வேண்டும். 1993-இல் அறிமுகமான இந்த ஏசி வகுப்பின் கட்டணம் ஸ்லீப்பரைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கடந்த சில ஆண்டுகளில் பல நெடுந்தூர ரயில்களில் அதற்காகக் கழன்றது ஸ்லீப்பர். படுக்கை கிடைக்காதவன் பொதுப்பெட்டிக்குப் போகிறான். அங்கே நிற்க இடமில்லாதவன் என் கால்மாட்டுக்கு வருகிறான். நாம் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறோம். அடைத்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு இந்தச் சத்தம் கேட்பதில்லை.

வேறு வழியில்லை, காலம் மாறிவிட்டது என்பார்கள். 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அம்ருத் பாரத் ரயிலில் ஏசியே கிடையாது. 12 ஸ்லீப்பர், 8 பொதுப்பெட்டி. அதே ரயில்வேதான் செய்தது. மனசு வைத்தால் முடிகிற காரியம், ஓரிரு புது ரயில்களோடு நின்றுவிட வேண்டியதில்லை.

எழும்பூரில் இறங்கி நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எண்ணிக்கொண்டே நடந்தேன். அந்த ஆள் சொன்னது சரிதான், ரெண்டே ரெண்டு.